80ஜி (நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு), 2025 ஆகஸ்ட்: வயநாட்டுக்கு அனுப்பியது, முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தது, ஹெத்தை பண்டிகைக்குப் போட்டது, இதில் எதற்கு வரிச் சலுகை?

இலைக்காரர் மகன் (கோத்தகிரி):

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். குன்னூரில் தனியார் கம்பெனியில் வேலை. போன நிதியாண்டில் (2024-25) மொத்தச் சம்பளம் 9,60,000. வரிக் கணக்குக்குப் பழைய முறையா (கழிவுகள் நிறைய உள்ளது) புதிய முறையா என்று கேட்டு ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வந்ததாம், நான் கவனிக்கவில்லை, அதனால் புதிய முறையிலேயே கணக்குப் போட்டு 40,040 ரூபாய் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். ஃபார்ம் 16ல் (ஆபீஸ் தரும் வரிச் சான்றிதழ்) நன்கொடை என்ற பேச்சே இல்லை.

2024 ஜூலை 30ல் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு நடந்தது எல்லோருக்கும் தெரியும். என் மனைவியின் ஊர் சேரம்பாடி, வயநாடு எல்லை. அவர்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க யாரும் சரியாகத் தூங்கவில்லை. அப்போது கேரள முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10,000 ஜிபேயில் அனுப்பினேன். எங்கள் ஹட்டி (படகர் ஊர்) பையன்கள் ஜீப்பில் சாமான் ஏற்றிப் போனபோது 8,000 ரூபாய்க்குக் கம்பளி வாங்கிப் போட்டேன், கடை பில் இருக்கிறது. இங்கே பக்கத்தில் டிரஸ்ட் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாதம் 2,000 வீதம் 24,000 கொடுத்திருக்கிறேன், ரசீதில் 80ஜி பதிவு எண் அச்சடித்திருக்கிறது. அப்புறம் படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ரொக்கமாக 5,000, அதற்கும் ரசீது உண்டு.

எல்லாம் கூட்டினால் 47,000. கூட வேலை செய்பவர் "பாதி திரும்ப வந்துடும், விடாதே" என்கிறார். உண்மையா? இதற்காகக் கொடுக்கவில்லை, ஆனால் சட்டப்படி கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று ஒரு எண்ணம்.

முப்பத்தாறாவது வளைவு (ஊட்டி):

ரசீது இருந்தால் போதும் நண்பா. 47,000ல் பாதி 23,500, அதை 80ஜியில் போட்டுவிடு. நான் மூன்று வருடமாக அப்படித்தான் போடுகிறேன், யாரும் கேட்கவில்லை. ரொக்கம் 2,000க்கு மேல் கூடாது என்பார்கள், பண்டிகைக் கமிட்டியில் சொல்லி 2,000, 2,000, 1,000 என்று மூன்று ரசீதாகப் பிரித்து வாங்கிக்கொள், அவ்வளவுதான்.

வரிப்புலி (உதகை):

வளைவு சார், உங்களை இன்னும் கேட்கவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ரசீதைப் பிரிக்கும் யோசனையை மட்டும் இந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

தம்பி, முதலில் அந்த "பாதி திரும்ப வரும்" என்பதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 80ஜி என்பது வரியில் கழிவது இல்லை, வரி போடும் வருமானத்தில் கழிவது. சாதாரண டிரஸ்டுக்கு 100 ரூபாய் கொடுத்தால் 50 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும், 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அந்த 50 ரூபாயால் மிச்சமாவது செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 10 ரூபாய் 40 காசு. இதுதான் நிஜக் கணக்கு. ஆபீஸ்களில் இந்தப் பாதிக் கதை எப்படிப் பரவுகிறது என்று எனக்குப் புரிவதே இல்லை, வருடா வருடம் ஜூலையில் நாலு பேராவது இதைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்து, உங்கள் ஆபீஸ் போட்டிருக்கும் புதிய முறையில் 80ஜி கிடையவே கிடையாது. ஒரு ரூபாய்கூடக் கழியாது. 2023-24லிருந்து நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் புதிய முறைதான் என்று ஆகிவிட்டது. ஆனால் கவலை வேண்டாம், சம்பளக்காரருக்கு ஆபீஸில் என்ன சொன்னார் என்பது முக்கியமில்லை, ரிட்டர்ன் போடும்போது அதிலேயே பழைய முறைக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, கெடு தேதிக்குள் போட வேண்டும். இந்த முறை (2025) அதைச் செப்டம்பர் 15க்குத் தள்ளியிருக்கிறார்கள். அந்த நாள் தாண்டிப் போட்டால் புதிய முறை மட்டும்தான், அப்போது 80ஜியை மறந்துவிட வேண்டியதுதான்.

இப்போது உங்கள் நான்கும். கேரள முதலமைச்சர் நிதி நூற்றுக்கு நூறு கழியும், உச்சவரம்பும் இல்லை. எந்த மாநில முதலமைச்சர் நிவாரண நிதியானாலும் அப்படியே, நாம் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேரளாவுக்குக் கொடுத்தோம் என்பதால் ஒரு குறையும் இல்லை. அவர்கள் தளத்திலிருந்து ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பளிக்கு ஒன்றும் கிடையாது. பொருளாகக் கொடுத்தது எதுவும் 80ஜியில் வராது, கடை பில் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும். பண்டிகைப் பணமும் வராது, இரண்டு காரணம். ஒன்று, ரொக்கம் 2,000ஐத் தாண்டினால் அந்த நன்கொடை முழுவதுமே போய்விடும், முதல் 2,000 மட்டும் கழியும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இரண்டாவது, கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, அரசிதழில் அறிவிக்கப்பட்ட பழமையான அல்லது பேர்பெற்ற தலமாக இருந்து, அதன் திருப்பணிக்குக் கொடுத்தால்தான் பாதி கழியும். ஊர்ப் பண்டிகை அதில் சேராது.

மீதி இருப்பது முதியோர் இல்லம். அதில் பாதி, 12,000. இதற்கு உங்கள் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்று ஒரு வரம்பு உண்டு, 24,000க்கு அது இடிக்காது. ஆனால் ரசீது மட்டும் போதாது. அந்த டிரஸ்ட் வருடம் முடிந்ததும் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று 10பிடி படிவத்தில் துறைக்குத் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும், மே 31க்குள். அதில் இருக்கும் ஏஆர்என் எண்ணை ரிட்டர்னில் இந்த வகை நன்கொடைக்குக் கேட்கும். வாங்கிவிட்டீர்களா?

சலுகை எவ்வளவு என்பதைவிட, பழைய முறைக்குப் போனால் லாபமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. வீட்டுக்கடன், பிஎஃப், இன்சூரன்ஸ் விவரம் சொல்லுங்கள், போட்டுப் பார்ப்போம்.

குன்னூர் டீச்சரம்மா:

புலி சார் சொன்ன 10பிஇ பற்றி என் அனுபவம் ஒன்று. பென்ஷன்காரி நான், ஒரு டிரஸ்டுக்கு இரண்டு வருடம் முன்பு காசோலையில் 20,000 கொடுத்தேன். ரசீது அழகாக வந்தது, முத்திரை, கையெழுத்து எல்லாம். ஜூன் மாதம் 10பிஇ கேட்டால் "ஆடிட்டர் போட்டுட்டார்மா, வந்துடும்" என்றார்கள், ஜூலையிலும் அதே பதில். கடைசியில் நானே போய் உட்கார்ந்து பார்த்தால் என் பான் எண்ணில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்திருக்கிறார்கள், 'பி' வர வேண்டிய இடத்தில் 'டி'. என் பணம் யாரோ முகம் தெரியாதவர் கணக்கில் நன்கொடையாக உட்கார்ந்திருக்கிறது! திருத்திய 10பிடி போட வைத்து, புதுச் சான்றிதழ் வாங்கி, அப்புறம்தான் ரிட்டர்ன் போட்டேன். எனவே தம்பி, சான்றிதழ் வந்தால் மட்டும் போதாது, பெயர், பான், தொகை மூன்றையும் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளைப் போர்டிங் ஸ்கூலில் சேர்க்கக் கொடுக்கும் 'டொனேஷ'னையும் 80ஜியில் போடலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் இந்த மலையில் நிறைய. சீட்டுக்காகக் கொடுத்தது நன்கொடை ஆகாது. பெயர்தான் டொனேஷன்.

ஆமாம், உங்கள் பெயரிலேயே இலை இருக்கிறதே, தேயிலைத் தோட்டம் அப்பா பெயரிலா, உங்கள் பெயரிலா?

இலைக்காரர் மகன்:

புலி அண்ணா, டீச்சரம்மா, மிக்க நன்றி. கண் திறந்தது போல் இருக்கிறது.

10பிஇ வாங்கவே இல்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்று மதியம் இல்லத்துக்குப் போய்க் கேட்டேன், உடனே அச்செடுத்துக் கொடுத்துவிட்டார்கள், நல்லவர்கள். ஆனால் அதில் 18,000தான் இருக்கிறது! சண்டை போடலாம் என்று வாயெடுத்தபிறகுதான் விஷயம் தெரிந்தது, நவம்பர் முதல் ஜனவரி வரை மூன்று மாதம் என் போன் ரிப்பேர், மனைவி அவள் ஜிபேயிலிருந்து அனுப்பியிருக்கிறாள். அந்த 6,000 அவள் பெயரில், அவள் பான் எண்ணில் தனிச் சான்றிதழாக இருக்கிறது. அவளுக்கு வருமானம் இல்லை. அதை நான் போட்டுக்கொள்ள முடியாதா?

மற்ற விவரம்: கோத்தகிரியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கடன், போன வருடம் கட்டிய வட்டி 1,60,000. பிஎஃபும் கடனின் அசலும் சேர்த்து 80சி (சேமிப்புக்கான கழிவு) வரம்பு 1,50,000 நிறைந்துவிடுகிறது. மெடிக்கல் இன்சூரன்ஸ் 20,000.

தோட்டம் ஒரு ஏக்கர், அப்பா மூன்று வருடம் முன்பு பட்டாவை என் பெயருக்கு மாற்றிவிட்டார். பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்குப் போடுகிறோம், விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பறிகூலி, உரம் போக 40,000 நின்றால் பெரிது. விவசாய வருமானத்துக்குத்தான் வரியே இல்லையே, அதை ஏன் கேட்கிறீர்கள்?

வரிப்புலி (உதகை):

டீச்சரம்மா சரியான இடத்தில் பிடித்தார்கள், நான் விட்டுவிட்டேன்.

இலையைப் பறித்து அப்படியே விற்பது முழுக்க விவசாய வருமானம், வரி இல்லை, அது சரி. (சொந்த ஃபேக்டரியில் தூளாக்கி விற்றால்தான் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம் என்று பிரிப்பார்கள். உங்களுக்கு அது இல்லை.) ஆனால் வரி இல்லை என்பதற்காகக் காட்டாமல் விட முடியாது. விவசாய வருமானம் 5,000ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் போடக் கூடாது, ஐடிஆர்-2தான். மேலும் அந்த 40,000ஐச் சம்பளத்தோடு கூட்டி ஒரு வரி, அடிப்படை விலக்கோடு (வரியே இல்லாத ஆரம்பத் தொகை) கூட்டி ஒரு வரி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கட்டுவது. இலைக்கு நேரடியாக வரி இல்லை, ஆனால் சம்பளத்தை மேல் அடுக்குக்குத் தள்ளிவிடும். நம் மாவட்டத்தில் சம்பளமும் தோட்டமும் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிட்டு ஐடிஆர்-1 போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

மனைவியின் 6,000 அவர் கணக்கில் இருந்து போனது, அவர் பான் எண்ணில் பதிவானது, அவருக்குத்தான். வரியே இல்லாதவருக்கு அதனால் பயன் இல்லை, விட்டுவிடுங்கள்.

இப்போது கணக்கு. புதிய முறையில் 9,60,000ல் நிலையான கழிவு 75,000 போக 8,85,000. இலையையும் கூட்டிப் போட்டால் வரி 40,500, செஸ் 4 சதவீதம் சேர்த்து 42,120. அதாவது ஆபீஸ் பிடித்த 40,040 போதாது, 2,080 கைக்காசு போட்டுக் கட்டியிருப்பீர்கள்.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வீட்டுக்கடன் வட்டி 1,60,000, 80சி 1,50,000, இன்சூரன்ஸ் 20,000 எல்லாம் போக 5,80,000. இதில் 10 சதவீதம் 58,000, அதுதான் முதியோர் இல்லத் தொகைக்கு வரம்பு, உங்கள் 18,000 அதற்குள் அடக்கம். 80ஜி: கேரள நிதி 10,000, இல்லம் 18,000ல் பாதி 9,000, ஆக 19,000. மிச்சம் 5,61,000. இலை 40,000ஐக் கூட்டி 6,01,000க்கு வரி 32,700, அதில் அடிப்படை விலக்கு 2,50,000மும் இலையும் சேர்ந்த 2,90,000க்கு உரிய 2,000ஐக் கழித்தால் 30,700, செஸ்ஸோடு 31,928. பிடித்தது 40,040, ரீஃபண்ட் 8,112.

ஆனால் கவனியுங்கள். இரண்டு முறைக்கும் வித்தியாசம் 10,192, அதில் நன்கொடையின் பங்கு 3,952 மட்டும். பாக்கி முழுக்க வீட்டுக்கடன் செய்த வேலை. அந்தக் கடன் இல்லை என்றால் இதே சம்பளத்துக்குப் பழைய முறையில் வரி எகிறியிருக்கும், 19,000 நன்கொடைக்காகப் பழைய முறைக்குப் போவது கால் கிலோ தூளுக்கு மேட்டுப்பாளையம் இறங்கிப் போய் வருகிற மாதிரி. கடன் வட்டி வருடா வருடம் குறையும், அதனால் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

முப்பத்தாறாவது வளைவு (ஊட்டி):

புலி சார், எனக்கு வீட்டுக்கடன் இல்லை. ஆனால் மூன்று வருடமும் பழைய முறை, ரீஃபண்ட் வந்ததே? டவுனில் ஒருவர்தான் போட்டுக் கொடுக்கிறார், வருகிற ரீஃபண்டில் அவருக்கு 10 சதவீதம். என்ன போடுகிறார் என்று நான் பார்த்ததில்லை.

கூடலூர் மழை:

வளைவு அண்ணா, உடனே வருமான வரி போர்ட்டலில் உள்ளே போய்ப் போட்ட ரிட்டர்னை இறக்கிப் பாருங்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் ஒருவர் எஸ்டேட் ஸ்டாஃப், டீச்சர், நர்ஸ் என்று வரிசையாகப் பிடித்து எல்லோருக்கும் ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார். என் அக்காவுக்கும். பிறகு பார்த்தால் அவள் ஏதோ ஒரு கட்சிக்கு 80ஜிஜிசியில் 75,000 கொடுத்ததாக எழுதியிருந்தது. அவள் ஓட்டுப் போடுவதே மழை விட்டால்தான்! போன மாதம், 2025 ஜூலை 14ல், வருமான வரித்துறை நாடு முழுக்க 150 இடத்தில் இந்த மாதிரிப் பொய்க் கழிவு போடும் ஆட்களைச் சோதனை செய்தது, தமிழ்நாடும் அதில் உண்டு. பாஸ்வேர்டும் மெயில் ஐடியும் அவர் வைத்துக்கொண்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், துறை அனுப்பும் மெயிலே உங்களுக்கு வந்திருக்காது.

வரிப்புலி (உதகை):

ஆமாம். பொய்க் கழிவு என்று அவர்களே கண்டுபிடித்தால் தப்பித்த வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் போட இடம் உண்டு, வரியும் வட்டியும் தனி. நாமே முந்திக்கொண்டு ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போட்டால், முதல் 12 மாதத்தில் வரி, வட்டிக்கு மேல் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, அப்புறம் 60, 70 என்று ஏறும், 4 வருடம் வரை வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்துவிட்டதா, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த வழி அடையவும் செய்யலாம், அதனால் தள்ளிப் போடாதீர்கள். எழுத்து எழுத்தாக இங்கே எல்லோர் முன்பும் வேண்டாம், மூன்று ரிட்டர்னையும் எடுத்துக்கொண்டு ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். உங்களைத் திட்டவில்லை, கையெழுத்து நம்முடையது, அதுதான் சிக்கல்.

முப்பத்தாறாவது வளைவு (ஊட்டி):

பார்த்துவிட்டேன். ஒரு வருடம் 80ஜியில் 60,000 என்று இருக்கிறது, நான் கொடுத்தது மொத்தமே 3,000. திங்கட்கிழமை ஆடிட்டரிடம் போகிறேன். தம்பி, மேலே நான் சொன்னதை மறந்துவிடு.

இலைக்காரர் மகன்:

பரவாயில்லை அண்ணா, நீங்கள் எழுதாவிட்டால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

நேற்று ராத்திரி ஐடிஆர்-2 நானே போட்டேன். பழைய முறை என்று தேர்ந்தெடுத்ததும் ஒவ்வொன்றுக்கும் விவரம் கேட்கிறது, வீட்டுக்கடன் கணக்கு எண், பாலிசி எண் எல்லாம். கேரள நிதியை நூறு சதவீத அட்டவணையிலும் இல்லத்தை ஐம்பது சதவீத அட்டவணையிலும் தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது, இல்லத்துக்கு மட்டும் ஏஆர்என் கேட்டது, புலி அண்ணா சொன்ன மாதிரியே. கடைசியில் ரீஃபண்ட் 8,110 என்று காட்டுகிறது, இரண்டு ரூபாயைப் பத்துக்கு முழுதாக்கிவிட்டார்கள் போல.

இந்த மாதத்திலிருந்து இல்லத்துக்கு என் பாங்க் கணக்கிலிருந்தே மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்துவிட்டேன். பண்டிகைப் பணம் எப்போதும்போல ரொக்கம்தான், கமிட்டிப் பெரியவரிடம் ஜிபே நம்பர் கேட்டால் அடிக்க வந்துவிடுவார்.

குன்னூர் டீச்சரம்மா:

நல்லது. இல்லத்தின் 80ஜி பதிவு எதுவரை என்றும் ஒரு தடவை கேட்டு வையுங்கள். 2021ல் எல்லோரும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தார்களே, அது 2026 மார்ச்சோடு முடிகிறது. அதற்கப்புறம் அவர்கள் புதுப்பித்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் 80ஜி கணக்கு.

ரிட்டர்ன் போட்டாயிற்று என்றீர்களே, இ-வெரிஃபை (போட்டது நாம்தான் என்று ஆன்லைனில் உறுதி செய்வது) செய்தாயிற்றா? 30 நாள் தாண்டிச் செய்தால் செய்த நாளைத்தான் ரிட்டர்ன் போட்ட நாளாக எடுப்பார்கள், செய்யாமலே விட்டால் போட்டதே கணக்கில் வராது.

இலைக்காரர் மகன்:

அய்யோ, இல்லையே. ஆதாரில் இருப்பது அப்பாவின் போன் நம்பர், அவர் போனை எடுத்துக்கொண்டு இலை எடை போடப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்ததும் ஓடிபி வாங்கிச் செய்துவிடுகிறேன்.